கிங் கவுண்டியின் நீதிமன்றம், சிறை, அலுவலகங்கள்: வரி கட்டும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரின் நடுவில் கிங் கவுண்டி அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நூறு வயது தாண்டிய நீதிமன்றம், பூட்டிக் கிடக்கும் நிர்வாகக் கட்டடம், மேட்டில் எழுந்து நிற்கும் பலமாடிச் சிறை. இவற்றை என்ன செய்வது என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், கென்ட் பக்கம் வீடு வாங்கிச் சொத்து வரி கட்டும் நம்மவர்கள், பள்ளிக்கூடம் பற்றிய கூட்டம் என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். கவுண்டி என்றால் "அது நமக்கு எதற்கு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும், கூட்டங்களைக் கேட்டுவந்த பிறகு எனக்கே எழுந்த சந்தேகங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை மறைக்கவில்லை: ஒரு சிறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, உள்ளே இருப்பவர் எத்தனை நாள் காத்துக் கிடக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. அந்த நாட்களைப் பற்றிக் கேட்காமல் கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசினால் பணமும் போகும், மனிதர்களின் வாழ்க்கையும் போகும்.

கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரிதானா?

கொஞ்சம். ஆனால் இங்கே மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் கிடையாது. நிர்வாகத் தலைவர், ஒன்பது பேர் கொண்ட கவுன்சில், அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர், பெரிய வழக்குகளை விசாரிக்கும் மேல்நிலை நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லோருமே வாக்குப்பெட்டி வழியாக வருபவர்கள். 2020 கணக்கெடுப்பில் கிங் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம். உள்ளே 39 நகரங்கள். மெட்ரோ பேருந்து, கழிவுநீர், பொது சுகாதாரம், தேர்தல் எல்லாம் கவுண்டியின் கையில். ஆனால் அதன் பொது நிதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீதிமன்றம், சிறை, காவல், வழக்கறிஞர் செலவுக்கே போய்விடுகிறது. ஆகவே நீதிமன்றமும் சிறையும் எப்படி அமைகின்றன என்பதுதான் கவுண்டியின் வரவு செலவுக் கதை என்றே சொல்லலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அடிமைகளை வைத்திருந்த வில்லியம் ரூஃபஸ் கிங் என்ற அரசியல்வாதியின் பெயரில் தொடங்கிய கவுண்டி இது. 1986-இல் கவுன்சில் அதை மார்ட்டின் லூதர் கிங்கின் பெயராக மாற்றித் தீர்மானம் போட்டது. 2005-இல் மாநிலச் சட்டம் அதை உறுதி செய்தது. அந்தப் பெயரைத் தாங்கிய ஓர் அரசு சிறை கட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது தவறில்லை என நினைக்கிறேன்.

ஜெயில், பிரிசன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பிரிசன் மாநில அரசுடையது. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் அங்கே போவார்கள். ஜெயில் கவுண்டியுடையது. அதில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். கைதாகி, ஜாமீன் கட்ட வழியில்லாமலோ, நீதிபதி ஜாமீன் தராததாலோ விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ரிமாண்டில் இருப்பவர்கள். குறுகிய தண்டனை பெற்றவர்களும் அங்கேயே இருப்பார்கள்.

குடியேறிகளாகிய நமக்கு இதில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பெரிய வகைச் சிறுகுற்றத்துக்கு (gross misdemeanor) அதிகபட்சத் தண்டனை முன்பு 365 நாள். ஓராண்டுத் தண்டனை என்றாலே சில வழக்குகளில் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் அதைக் கடுங்குற்றமாக எடுத்துக்கொண்டு நாடு கடத்தலாம் என்ற நிலை இருந்தது. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் அதை 364 நாளாகக் குறைத்தது. கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவரின் குடும்பம் இங்கேயே இருக்குமா என்பதை அந்த ஒரே ஒரு நாள் தீர்மானிக்கக்கூடும்.

இப்போது எங்கெங்கே என்னென்ன இருக்கிறது?

சியாட்டில் மூன்றாம் அவென்யூவில் உள்ள நீதிமன்றம் 1916-இல் திறக்கப்பட்டது. பிறகு 1930-ஐ ஒட்டி மேலே மாடிகள் எழுப்பினார்கள். உச்சி மாடிகளில்தான் அன்று சிறையே இருந்தது. 1986-இல் ஐந்தாம் அவென்யூவில் இப்போதுள்ள சிறைக் கோபுரம் வந்தது. சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே சாலைக்கு மேலே மூடிய நடைபாலம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி நிஸ்குவாலி நிலநடுக்கம் 6.8 அளவில் குலுக்கியபின் பழைய நீதிமன்றத்தை வலுப்படுத்தும் வேலை நடந்தது.

தெற்கே கென்ட் நகரில் 1997-இல் வட்டார நீதி மையம் திறந்தார்கள். நீதிமன்றமும் சிறையும் ஒரே வளாகத்தில். பல்லாண்டு அரசு வழக்கறிஞராக இருந்து 2007-இல் காலமான நார்ம் மேலங்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சியாட்டில் பன்னிரண்டாம் அவென்யூவில் சிறார் மற்றும் குடும்ப நீதி மையம் 2020-இல் திறந்தது. இவை போக ரெட்மண்ட், இசக்வா, ஷோர்லைன், புரியன் போன்ற இடங்களில் சிறு வழக்குகளுக்கான மாவட்ட நீதிமன்றக் கிளைகள் உள்ளன. வேகமாகக் கார் ஓட்டி டிக்கெட் வாங்கியவர்களுக்கு ரெட்மண்ட் கிளை பழக்கமாக இருக்கும்.

நிர்வாகக் கட்டடம் ஏன் காலியாகக் கிடக்கிறது?

அறுகோண ஜன்னல்கள் வைத்த அந்தக் கட்டடம் 1971-இல் எழுந்தது. பெருந்தொற்றில் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின் அதை மூடினார்கள். பழைய குழாயும் கம்பியும் மாற்ற ஆகும் செலவைப் பார்த்தபின் மறுபடி திறக்கவில்லை. 2023 மார்ச்சில், இந்த வட்டாரத்தின் ரயில் போக்குவரத்தை நடத்தும் சவுண்ட் டிரான்சிட் அமைப்பின் வாரியம் அந்த இடத்தை ஒட்டி ஒரு புதிய ரயில் நிலையம் வரும் தடத்தை முன்னுரிமைத் தேர்வாக எடுத்தது. அதோடு, சுற்றியுள்ள கவுண்டி நிலம் முழுவதையும் ஒரே வளாகமாக மறுபடி திட்டமிடலாம் என்று அப்போதைய நிர்வாகத் தலைவர் டோ கான்ஸ்டன்டைன் முன்வைத்தார். ரயில் நிலையத்தின் மேலே வீடுகள், கீழே கடைகள், சிறை வேறிடத்தில் என்பது அந்தக் கனவின் சாரம். படமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "வேறிடம்" எது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஒரு சிறைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கணக்கு எளிது. ஓராண்டில் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்பதால் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் ஒரு நாளில் சராசரியாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 20,000 பேர், தலா 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,370 பேர். அதே 20,000 பேர் 22 நாளில் வெளியேறினால் 1,205 பேர்தான். வெறும் மூன்று நாள் குறைந்ததில் 160-க்கும் மேற்பட்ட படுக்கைகள் தேவையில்லாமல் போய்விட்டன. ஒருவரைக்கூட விடுவிக்க வேண்டாம், ஒரு சட்டத்தையும் மாற்ற வேண்டாம். வழக்கறிஞர் சீக்கிரம் கிடைத்தால், ஆய்வக அறிக்கை நேரத்துக்கு வந்தால், வாய்தா ஒன்று குறைந்தால் போதும்.

இதற்குமேல் இன்னொரு படி இருக்கிறது. சராசரிக்குச் சரியாகக் கட்டினால் போதாது. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் ஏறும். பெண்களை ஆண்களோடு வைக்க முடியாது. ஒருவருக்கொருவர் எதிரிகளான இருவரைப் பிரித்து வைக்க வேண்டும். மருத்துவம் தேவைப்படுபவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. அதனால் 85 சதவீதம் நிறைந்தாலே சிறை நிறைந்துவிட்டதாகத் திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். மேலே சொன்ன 1,370 பேருக்கு இந்த முறையில் 1,600 படுக்கை கேட்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கணக்குதான். ஆனால் முதல் வரியில் உள்ள "25 நாள்" என்ற எண் எங்கிருந்து வந்தது, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்காமல் கடைசி வரியில் உள்ள 1,600-ஐ ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கணிப்பு தவறிப்போனால்?

தவறியிருக்கிறது, இதே கவுண்டியில். 2000-களின் நடுவில், இனி நகரங்களின் சிறுகுற்றக் கைதிகளுக்கு எங்கள் சிறையில் இடம் இருக்காது, உங்கள் ஏற்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கவுண்டி நகரங்களுக்குச் சொன்னது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் என்பது கணிப்பு. 2008-இல் சியாட்டிலும் வடக்கு, கிழக்குப் பக்க நகரங்களும் புதிய சிறைக்கு இடம் தேடத் தொடங்கின. எந்தப் பேட்டையின் பெயர் பட்டியலில் வந்ததோ அந்தப் பேட்டை கொதித்தது. தெற்குப் பக்கத்து நகரங்கள் சில ஒன்றுகூடி டெமாய்ன் நகரில் ஸ்கோர் என்று அழைக்கப்படும் சுமார் 800 படுக்கைச் சிறையைக் கட்டி 2011-இல் திறந்தன.

அதற்குள் கவுண்டிச் சிறையில் எண்ணிக்கை இறங்கிவிட்டது. இடமில்லை என்று சொன்ன அதே கவுண்டி, நகரங்களோடு ஒப்பந்தத்தை நீட்டித்தது. வடக்கு, கிழக்குச் சிறைத் திட்டம் கைவிடப்பட்டது. கட்டியவர்கள் அதற்கு வாங்கிய கடனைச் சுமக்கிறார்கள். கட்டாமல் தாமதித்தவர்கள் தப்பித்தார்கள். இதில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடந்த ஆண்டுகளின் வரைகோட்டை அப்படியே முன்னால் நீட்டிப் பார்த்தார்கள், கோடு வளைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2023-இல் காவலர் பற்றாக்குறையால் கவுண்டி தன் கைதிகள் சிலரை அதே ஸ்கோர் சிறைக்கு வாடகைக்கு அனுப்பியது. படுக்கை இருந்தும் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு சட்டமோ தீர்ப்போ இவ்வளவு மாற்றிவிடுமா?

2021 பிப்ரவரி 25-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் பிளேக் வழக்கில் போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தையே செல்லாது என்றது. தன்னிடம் இருப்பது போதைப்பொருள் என்று தெரியாதவரையும் அந்தச் சட்டம் குற்றவாளியாக்கியது என்பது காரணம். ஒரே நாளில் ஒரு வகை வழக்கு முழுவதும் நின்றது. பழைய தண்டனைகளை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் குவிந்தன. 2023-இல் சட்டமன்றம் அதைப் பெரிய வகைச் சிறுகுற்றமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. இதன் விளைவைக் கவனியுங்கள்: முன்பு மேல்நிலை நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் இப்போது மாவட்ட, நகர நீதிமன்றங்களுக்குப் போகின்றன. பன்னிரண்டு பேர் ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) உட்காரும் கூடத்தில் வேலை குறைந்து, ஆறு பேர் ஜூரி உட்காரும் கூடத்தில் வேலை கூடுகிறது. ஐம்பது ஆண்டுக்கு நிற்கப்போகும் சுவரை இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும்படி எழுப்ப வேண்டும்.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களை ஏன் சிறையில் வைக்கிறார்கள்?

வேறு எங்கும் இடமில்லாததால். இது என்னை மிகவும் வருத்தும் பகுதி. ஒருவரால் தன் வழக்கைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் விசாரணை நடத்த முடியாது. மாநில மருத்துவர் வந்து பரிசோதிக்க வேண்டும், தேவையானால் மாநில மனநல மருத்துவமனையில் சிகிச்சை தர வேண்டும். அந்தப் படுக்கைக்காக அவர் கவுண்டிச் சிறையில் காத்திருப்பார். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில். ட்ரூபிளட் வழக்கில் 2015-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்துக் காலக்கெடு விதித்தது. மாநிலம் அதைக் கடைப்பிடிக்கத் தவறி அபராதமும் கட்டியது.

மேலே சொன்ன பெருக்கல் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். சிலரே ஆனாலும் ஒவ்வொருவரும் தங்கும் நாட்கள் மிக அதிகம். சிறையை நிரப்புவது இப்படிப்பட்ட நாட்கள். 2023 ஏப்ரலில் வாக்காளர்கள் ஒன்பது ஆண்டு வரி ஒன்றை ஒப்புக்கொண்டு ஐந்து நெருக்கடி சிகிச்சை மையங்கள் அமைக்க வழி செய்தார்கள். நேரில் நடந்து போய் உதவி கேட்கலாம், போலீஸும் சிறைக்குப் பதிலாக அங்கே கொண்டுவிடலாம் என்பது திட்டம். சிறைத் திட்டத்தையும் இந்த மையங்களையும் தனித்தனிக் கோப்புகளாகப் பார்க்கக் கூடாது.

நீதிமன்றத்துக்கு என்ன தனித் தேவை? கூடங்கள் கட்டினால் போதாதா?

நல்ல நீதிமன்றத்தில் மூன்று பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் ஓட வேண்டும். பொதுமக்களுக்கு ஒன்று. நீதிபதி, ஊழியர், ஜூரிகளுக்கு ஒன்று. காவலில் உள்ளவர்களுக்கு ஒன்று. மூன்றும் சந்திக்க வேண்டிய ஒரே இடம் விசாரணைக் கூடம். பழைய கட்டடங்களில் இப்படிப் பிரிக்க முடிவதில்லை. விலங்கிட்ட ஒருவரைப் பொது நடையில் கூட்டிவரும்போது, அவர் வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரி அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டால் விசாரணையே கெட்டுவிடும்.

கூடத்தை விடச் சிறிய அறைகள்தான் எப்போதும் மறந்துபோகின்றன. வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தனியாகப் பேச ஓர் அறை. குடும்ப வன்முறை வழக்கில் மனைவி கணவனை நேருக்கு நேர் பார்க்காமல் காத்திருக்க ஓர் அறை. மொழிபெயர்ப்பாளர் உட்கார ஓர் இடம். ஆங்கிலம் சரியாக வராதவருக்கு மொழிபெயர்ப்பாளர் தருவது இந்த மாநிலத்தில் சட்டப்படி உரிமை, தமிழும் அதில் அடக்கம். ஆனால் அறை இல்லாவிட்டால் அந்த உரிமை நடைபாதையில், நாலு பேர் காதில் விழ, கிசுகிசுப்பாக நடக்கும். ஜூரி அழைப்பு வந்து நான் போனபோது அப்படி ஒரு பாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன வழக்கோ தெரியாது. எல்லோரும் கேட்கும்படி அந்தப் பாட்டி தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் ஜூமில் நடக்கிறதே, இனி இவ்வளவு கட்டடம் எதற்கு?

பாதி உண்மை. 2020-இல் இடைவெளி விட்டு உட்கார இடமில்லாமல் மேல்நிலை நீதிமன்றம் பெல்வியூவின் மைடன்பவர் மாநாட்டு மையத்தை எடுத்து ஜூரி விசாரணைகள் நடத்தியது. ஜூரித் தேர்வைக் காணொளியில் நடத்திப் பார்த்தது, அது நிலைத்தும் விட்டது. நூற்றுக்கணக்கானோரைக் காலை எட்டு மணிக்கு ஒரே அறையில் அடைக்க வேண்டியதில்லை. டவுன்டவுனுக்கு வர ஒரு நாள் கூலியை இழப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் சாட்சி சொல்பவரின் முகத்தை நேரில் பார்ப்பது, தண்டனை கேட்கும் குடும்பம் அங்கே இருப்பது, இவையெல்லாம் திரையில் நடக்க வேண்டியவை என்று நான் நினைக்கவில்லை. பெரிய ஜூரிக் காத்திருப்பறை சிறிதாகலாம். விசாரணைக் கூடம் சிறிதாகக் கூடாது.

சிறார் மையத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு ஏன் வந்தது?

2012 ஆகஸ்டில் 21 கோடி டாலருக்கான வரியை வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 7 சென்ட், ஒன்பது ஆண்டுகள். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 35 டாலர். இடிந்துவிழும் நிலையில் இருந்த பழைய கட்டடத்துக்கு மாற்று என்றுதான் பலர் வாக்களித்தார்கள். குடும்ப நீதிமன்றத்தோடு சிறார் காவல் இல்லமும் அதில் சேர்ந்தது என்பதைப் பிறகுதான் பலர் கவனித்தார்கள். வாக்குச் சீட்டின் வாசகம் எவ்வளவு வரிக்கு அனுமதி தந்தது என்பதே வழக்கானது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டிக்கு எதிராகச் சொன்னது. 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம், வாக்குச் சீட்டு வாசகத்தை எதிர்க்கும் காலக்கெடு கடந்துவிட்டது என்று கவுண்டி பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையில் காவலில் இருந்த சிறாரின் எண்ணிக்கை, 1990-களின் இறுதியில் 200-ஐ ஒட்டி இருந்தது, 50-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. புதிய கட்டடத்தில் 112 படுக்கை. திறந்த சில மாதத்தில், 2020 ஜூலையில், 2025-க்குள் அங்கே காவல் இருக்காது என்று கான்ஸ்டன்டைன் அறிவித்தார். பின்னர் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. 2024-இல் கவுன்சில் அதைத் திறந்தே வைக்க வேண்டும் என்று வாக்களித்தது.

இரண்டு பக்கத்திலும் நல்ல மனம் படைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பொதுமக்களின் கோபம் வந்து சேர்ந்த நேரம் தப்பு. வரைபடம் முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, கான்கிரீட் ஊற்றும்போது வந்தது. வாக்குச் சீட்டு 2012-இலேயே நம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நானும் அன்று அதை முழுதாகப் படிக்கவில்லை.

சிறை நம் ஊருக்கு வராமல் தடுக்க முடியுமா?

முழுதாகத் தடுக்க முடியாது. 1990-இல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தின்படி சிறை, விமான நிலையம், குப்பைக் கையாளும் நிலையம் போன்றவை அத்தியாவசியப் பொது வசதிகள். எந்த நகரமும் தன் திட்டத்தில் அவற்றை அறவே கூடாது என்று எழுத முடியாது. நிபந்தனைகள் போடலாம், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வில் கேள்வி எழுப்பலாம். என்னைக் கேட்டால், எங்கேயும் வேண்டாம் என்பதை விட, கைதியின் குடும்பம் பேருந்தில் போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேட்க வேண்டியது. கென்ட் மையத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அது சிறிய விஷயம் அல்ல.

பணம் எங்கிருந்து வரும்?

நம் சொத்து வரிச் சீட்டில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. கவுண்டிக்கு வருவது அதில் ஒரு சிறு பகுதி. அந்தப் பகுதியும் 2001-இல் வந்த மக்கள் முன்மொழிவுக்குப் பிறகு, புதுக் கட்டடங்களின் வரி நீங்கலாக, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. விலைவாசியும் சம்பளமும் அதை விட வேகமாக ஏறுகின்றன. ஆகவே பெரிய கட்டடம் என்றால் வாக்காளரிடம் வந்தே ஆக வேண்டும். வரி வரம்பை உயர்த்தும் லெவி என்ற வரித் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஆதரவு போதும். தனி வரியோடு கடன் பத்திரம் வெளியிட 60 சதவீதம் வேண்டும். 2020 நவம்பரில் ஹார்பர்வியூ மருத்துவமனைக்கு 174 கோடி டாலர் கடன் பத்திரத்தை மக்கள் தாராளமாக நிறைவேற்றினார்கள். மருத்துவமனைக்குக் கிடைக்கும் அந்த மனசு சிறைக்குக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கட்டி முடித்துவிட்டால் செலவு முடிந்ததா?

அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு காவல் இடத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் நாலு பேருக்கு மேல். விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேராவது. ஆக, வரைபடத்தில் ஒரு தவறான மூலை, பார்வைக்கு எட்டாத ஒரு நடை, ஐந்து சம்பளமாக ஆண்டுதோறும் திரும்பி வரும். கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி 1981-இல் மார்ட்டினெஸ் நகரில் வேறு விதமாகச் சிறை கட்டியது. காவலர் கண்ணாடிக்குப் பின்னால் அல்லாமல் கைதிகளோடு ஒரே கூடத்தில் இருப்பார். கவுண்டிச் சிறைகளில் அதுதான் முன்னோடி. சண்டையும் சேதமும் குறைந்ததால் நாடெங்கும் பரவியது. உயரமான கோபுரச் சிறையில் இதைச் செய்வது கடினம். சாப்பாடு, மருந்து, நீதிமன்றப் பயணம் எல்லாமே லிப்டை நம்பி இருக்கும்.

டவுன்டவுன் சிறையை மூடுவார்களா?

2020-இல் கான்ஸ்டன்டைன் படிப்படியாக மூடுவோம் என்றார். பெருந்தொற்றில் புதிதாக அடைப்பதைக் கட்டுப்படுத்தியபோது இரு சிறைகளிலுமாகச் சுமார் 1,900-ஆக இருந்த எண்ணிக்கை சில வாரங்களில் 1,300-ஐ ஒட்டி இறங்கியது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு எண்ணிக்கை ஏறியது, காவலர்கள் குறைந்தார்கள், உள்ளே தற்கொலைகள் நடந்தன. 2022 இலையுதிர் காலத்தில் குழாயில் பழுப்பு நீர் வந்து புட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டடம் களைத்துவிட்டது. மாற்று இடம், மாற்றுச் சிகிச்சை, மாற்றுப் பணம் மூன்றும் முடிவாகாமல் மூடும் தேதியை யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

எங்கே போய்ப் பேசுவது?

கவுன்சில் கூட்டம் செவ்வாய்க்கிழமை பிற்பகல், பழைய நீதிமன்றத்தின் பத்தாம் மாடியில். காணொளியிலும் சேரலாம். குடியுரிமை வேண்டியதில்லை, இங்கே வசித்தால் போதும். உங்கள் பகுதிக் கவுன்சில் உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் பலன் தரும். இடம் தேர்வாகும் முன், வல்லுநர் குழு எண்களைத் தயாரிக்கும் கட்டத்தில் பேசுங்கள். இரண்டே நிமிடம் கிடைக்கும், ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் போங்கள்.

வரைபடம் கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

முகப்பு ஓவியத்தை ஒதுக்கிவையுங்கள். பார்வையாளர் வாசலைத் தேடுங்கள். அங்கிருந்து பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்? கைக்குழந்தையோடு வருபவர் எங்கே உட்காருவார்? சந்திப்பு நேருக்கு நேரா, திரை வழியா? பிறகு, விடுதலையானவர் வெளியே வரும் கதவைத் தேடுங்கள். அது எந்தத் தெருவில் திறக்கிறது, இரவு ஒரு மணிக்கு வெளியே வருபவருக்கு ஃபோன் சார்ஜ் செய்ய ஒரு பிளக் பாயிண்டாவது இருக்கிறதா? நான் பார்த்த வரைபடங்களில் அந்தக் கதவைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது.